குறைவாகத் தின்ற குரங்குகளுக்கு நோய் குறைந்தது ஏன்?

ரீசஸ் குரங்குகளுக்கும் முதுமையில் நீரிழிவு, புற்றுநோய், இதயநோய் வருகின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1989இல் தொடங்கிய ஆய்வில், ஒரு பிரிவுக்குக் கலோரி மட்டும் 30 சதவீதம் குறைக்கப்பட்டது. வைட்டமின்களும் தாதுக்களும் குறையவில்லை. 2009இல் வெளியான முடிவின்படி, அப்பிரிவுக் குரங்குகளிடம் இந்நோய்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. உடற்கொழுப்பு குறைந்தால் செல்கள் இன்சுலினுக்கு நன்றாக இணங்கும் என்பது ஒரு காரணம்.

ஆனால் அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம், தன் குரங்குகளுக்கு ஆயுள் கூடவில்லை என்று 2012இல் அறிவித்தது. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் கலோரி குறைக்கப்படாத ஒப்பீட்டுப் பிரிவின் தீனியில் இருந்தது. விஸ்கான்சினில் அவை வேண்டிய மட்டும் தின்றன. உணவில் 28 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை. மற்ற ஆய்விலோ சர்க்கரை ஏறத்தாழ 4 சதவீதம், தீனியும் அளந்தே தரப்பட்டது. அங்கே ‘இயல்பான’ குரங்குகளே பாதிப் பத்தியத்தில்தான் இருந்தன! இரு குழுவினரும் 2017இல் தரவுகளை ஒப்பிட்டபோது, கலோரிக் குறைப்பின் பலன் வளர்ந்த குரங்குகளிடம் தெரிந்தது. இளம் வயதிலேயே தொடங்கியவற்றுக்கு ஆயுள் நீளவில்லை.