கிளட்ச் இல்லாத கார்: இடது காலை ஓரமாக வைங்க! ஆக்டிங் டிரைவர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய விவரம்

மேட்டுப்பாளையம்:-

ஆக்டிங் டிரைவர் வேலைக்கு போகிறவர்களுக்கு இப்போது ஒரு புது தலைவலி. "ஊட்டி போகணும், காலையில வந்துடுங்க" என்று போன் வரும். போய் பார்த்தால் வாசலில் ஆட்டோமேட்டிக் கார் நிற்கும். அம்பாசிடர், சுமோ, இண்டிகா என்று 20 வருடம் ஓட்டியவருக்கு கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. எனக்கு பழக்கம் இல்லை என்று சொன்னால் அன்றைய சம்பளம் போச்சு. "கிளட்ச்தானே இல்ல, ஓட்டிடலாம்" என்று ஏறி உட்கார்ந்து விடுகிறார்கள்.

ஓட்டுவது சுலபம்தான். நிறுத்துவது, இறங்குவது, ரிவர்ஸ் எடுப்பது, மலையில் கீழே வருவது... இந்த நாலு இடத்தில்தான் ஆபத்து காத்திருக்கிறது.

ஒரு காலத்தில் இது பணக்காரர் வீட்டு வண்டி. 2014-ம் ஆண்டு மாருதி செலிரியோ காரில் 'ஏ.எம்.டி.' எனப்படும் விலை குறைந்த ஆட்டோமேட்டிக் கியர் வந்தது. அதன் பிறகு சின்ன கார்களிலும் இது சாதாரணமாகி விட்டது. பேட்டரி காரிலும் கிளட்ச் கிடையாது. லைசென்சிலும் தடை இல்லை. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு தனி பிரிவு உண்டு. காருக்கு நம் நாட்டில் அப்படி பிரிவு கிடையாது. கிளட்ச் மிதித்து டெஸ்ட் பாஸ் ஆனவர் மறுநாளே ஆட்டோமேட்டிக் கார் ஓட்டலாம். சட்டம் விட்டு விடுகிறது. கால் விடுவது இல்லை.

இடது கால் செய்யும் வேலை

கிளட்ச் மிதித்து பழகிய இடது கால் சும்மா இருக்காது. சிக்னல் வந்ததும், குறுக்கே யாராவது வந்ததும் தானாக போய் அழுத்தும். ஆட்டோமேட்டிக் காரில் பிரேக் பெடல் அகலமாக இருக்கும். கிளட்ச் என்று நினைத்து இடது கால் அதன் மேல் விழும். கிளட்சை எப்படி மிதிப்போம்? அடி வரைக்கும் ஒரே அழுத்து. பிரேக்கை அப்படி மிதித்தால் கார் குத்திக் கொண்டு நிற்கும். பின்னால் வரும் லாரி நம் மேல் ஏறும். பின் சீட்டில் இருக்கும் பாட்டி முன் சீட்டில் வந்து மோதுவார்.

அதனால் வண்டியில் ஏறியதும் முதல் வேலை, இடது காலை ஓரத்தில் இருக்கும் கால் மேடையில் வைத்து விடுவது. மேடை இல்லாத காரில் காலை மடக்கி சீட் பக்கம் இழுத்துக் கொள்ளலாம். பிரேக்குக்கும் வலது கால்தான், ஆக்சிலேட்டருக்கும் வலது கால்தான். இரண்டு காலுக்கு இரண்டு பெடல் என்று பிரித்து ஓட்டுவது சிலருக்கு சாமர்த்தியமாக தெரிகிறது. பதற்றத்தில் இரண்டையும் சேர்த்து மிதித்து விடுவார்கள். அந்த சாமர்த்தியம் நமக்கு வேண்டாம்.

வலது காலின் குதிகாலை பிரேக்குக்கு நேராக தரையில் ஊன்றிக் கொள்ள வேண்டும். அங்கிருந்து பாதத்தை மட்டும் வலது பக்கம் திருப்பினால் ஆக்சிலேட்டர். திருப்பாமல் நேராக அழுத்தினால் பிரேக். ரப்பர் செருப்பு வழுக்கும், கழன்று பெடலில் மாட்டும். வெறும் காலோ, காலோடு ஒட்டிய ஷூவோ பரவாயில்லை.

மிதிக்காமலே நகரும்

கிளட்ச் கார் ஓட்டியவர்களுக்கு புரியாத இன்னொரு விஷயம் இது. 'டி' என்ற டிரைவ் கியரில் போட்டு பிரேக்கில் இருந்து காலை எடுத்தால் போதும். ஆக்சிலேட்டரை தொடாமலே கார் மெதுவாக ஊர்ந்து போகும். 'ஆர்' போட்டால் பின்னால் ஊரும்.

காரணம் எளிது. இரண்டு டேபிள் பேனை எதிர் எதிரே வைத்து ஒன்றை மட்டும் சுவிட்ச் போட்டால், அந்த காற்றில் மற்றதும் சுற்றும் இல்லையா? பழைய முறை ஆட்டோமேட்டிக் காரில் இன்ஜினுக்கும் கியர் பாக்சுக்கும் நடுவே அப்படித்தான் இரண்டு சக்கரம் இருக்கிறது. காற்றுக்கு பதில் ஆயில். இதற்கு பெயர் டார்க் கன்வர்ட்டர். இன்ஜின் ஓடிக் கொண்டே இருந்தால் ஆயில் தள்ளிக் கொண்டே இருக்கும். ஏ.எம்.டி. காரில் சாதாரண கிளட்ச்தான் உள்ளே இருக்கிறது. அதை நமக்கு பதில் மெஷின் அழுத்தி விடுகிறது. அதிலும் பெரும்பாலான கார்கள் ஊரும்படிதான் செய்யப்பட்டு இருக்கின்றன.

கிளட்ச் காரை கியரில் வைத்து காலை எடுத்தால் ஒரு குலுக்கு குலுக்கி ஆப் ஆகும். அது ஒரு பாதுகாப்பு. ஆட்டோமேட்டிக் அப்படி ஆப் ஆகாது. வீட்டு கேட்டை திறக்க 'டி' கியரிலேயே விட்டு விட்டு இறங்குவது, ஏ.சி. ஓடட்டும் என்று குழந்தைகளை உள்ளே வைத்து விட்டு டீக்கடைக்கு போவது எல்லாம் இதனால்தான் ஆபத்து. டிரைவர் இல்லாமலே வண்டி கிளம்பி விடும். குழந்தை லீவரை தொட்டாலும் அதே கதிதான். இறங்குவது 1 நிமிடத்துக்காக இருந்தாலும் இன்ஜினை ஆப் செய்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை கையில் எடுத்துக் கொண்டு இறங்க வேண்டும்.

புது கார் பூஜையையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம் பழம். முன்னால் மாமா, சித்தப்பா, செல்போனில் படம் எடுக்கும் பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே நிற்கும். ஸ்டியரிங்கில் உட்கார்ந்து இருப்பவர் அன்றுதான் முதல் முதலாக ஆட்டோமேட்டிக் காரை தொடுகிறார். பழம் தடுத்ததும் லேசாக ஆக்சிலேட்டரை மிதிப்பார். கார் தாவும். பதறிப் போய் இன்னும் அழுத்துவார். பழத்தை நசுக்கும் வேலையை பழகிய டிரைவரிடம் கொடுத்து விட்டு, ஆட்களை பக்கவாட்டில் நிற்க வைப்பதில் சாமி கோபித்துக் கொள்ளாது.

பிரேக் என்று நினைத்து...

"பிரேக் பிடிக்கவே இல்ல சார், வண்டி தானா ஓடிடுச்சு" என்று விபத்து நடந்த இடத்தில் சொல்வார்கள். பொய் சொல்வது இல்லை. தான் மிதித்தது பிரேக்தான் என்று உண்மையாகவே நம்புகிறார்கள்.

அமெரிக்காவில் 1980-களில் ஆடி 5000 என்ற ஆட்டோமேட்டிக் கார் மீது இதே புகார் வந்து பெரிய பரபரப்பு ஆனது. அந்த நாட்டு அரசின் சாலை பாதுகாப்பு துறை ஆராய்ந்து 1989-ல் அறிக்கை கொடுத்தது. பிரேக்குக்கு பதில் ஆக்சிலேட்டரை மிதித்ததே பெரும்பாலான விபத்துக்கு காரணம் என்று அதில் தெரிய வந்தது. பிரேக்கை மிதித்தால்தான் 'பி' கியரில் இருந்து லீவர் நகரும் என்ற பூட்டு பரவலாக வந்தது அந்த சமயத்தில்தான். இன்று லீவர் வரவில்லை என்று ஆத்திரப்பட்டு இழுப்பவர்கள் இதை நினைத்துக் கொள்ளலாம்.

ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் இகெபுகுரோ பகுதியில் 2019-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 87 வயது முதியவர் ஓட்டிய கார் தறிகெட்டு ஓடியது. ரோட்டை கடந்த தாயும், 3 வயது மகளும் பலியானார்கள். காரில் கோளாறு என்று அவர் வாதாடினார். பெடலை மாற்றி மிதித்ததுதான் காரணம் என்று கூறி 2021-ல் கோர்ட்டு அவருக்கு 5 ஆண்டு ஜெயில் தண்டனை கொடுத்தது. இவ்வளவுக்கும் அந்த நாட்டில் ஓடுவது பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கார்தான்.

ரிவர்ஸ் எடுக்கும்போது உடம்பை திருப்பி பின்னால் பார்ப்போம். அப்போது கால் கொஞ்சம் நகர்ந்து விடும். தவறு நடக்க அது ஒன்றே போதும். எனவே இடம் குறைவான பார்க்கிங்கில் ஆக்சிலேட்டர் பக்கமே போகக் கூடாது. பிரேக்கை கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஊர்ந்து போகும் வேகத்திலேயே முடித்து விட வேண்டும். கால் எப்போதும் பிரேக் மேலேயே இருந்தால் மாற்றி மிதிக்க வழியே இல்லை.

வண்டி சீறினால், மிதித்துக் கொண்டு இருப்பதில் இருந்து காலை முழுவதுமாக எடுத்து விட்டு, பிரேக்கை தேடி ஓங்கி மிதிக்க வேண்டும். லீவரை 'என்' அதாவது நியூட்ரலுக்கு தள்ள வேண்டும். இன்ஜின் கத்தும், கத்தட்டும். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டியரிங் லாக் ஆகி விடும். அதை மட்டும் செய்யக் கூடாது.

கால் மிதியும் கொல்லும். 2009-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வேறு மாடல் காரின் தரை விரிப்பை போட்டதால் ஆக்சிலேட்டர் அதில் சிக்கி, ஒரே காரில் 4 பேர் இறந்தார்கள். விரிப்பு மேல் விரிப்பு போடுவது, தண்ணீர் பாட்டிலை டிரைவர் சீட் கீழே உருள விடுவது இரண்டும் வேண்டாம்.

நிறுத்தும் முறை

'பி' போட்டால் கியர் பாக்சுக்குள் ஒரு சிறு இரும்பு நாக்கு பல் சக்கரத்தில் விழுந்து பிடித்துக் கொள்ளும். விரல் அளவு சமாச்சாரம்தான். சரிவில் முழு காரின் பாரத்தையும் அதன் மேல் போட்டால் அடுத்த முறை லீவர் எடுக்கும்போது 'டக்' என்று சத்தம் வரும். நாளடைவில் தேயும். சரியான வரிசை இதுதான். பிரேக்கை மிதித்து முழுவதும் நிறுத்தி, 'என்' போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கை லேசாக விட்டு பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்ததா என்று பார்த்து, மீண்டும் பிரேக்கை மிதித்து 'பி' போட வேண்டும். வண்டி உருளும்போது 'பி' போடவே கூடாது. 'டி'-யில் இருந்து 'ஆர்' மாற்றுவதும் முழுவதும் நின்ற பிறகுதான்.

பெரும்பாலான ஏ.எம்.டி. கார்களில் 'பி' கிடையாது. 'ஆர்', 'என்', 'டி', 'எம்' மட்டும்தான். இதில் ஹேண்ட் பிரேக்கை மறந்தால் நியூட்ரலில் நிற்கும் கார் உருண்டு விடும். சரிவில் டயருக்கு கல் வைப்பதில் கவுரவ குறைச்சல் ஒன்றும் இல்லை.

மலையில் இறங்கும்போது

ஏறுவதை விட இறங்குவதில்தான் உயிர் இருக்கிறது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுக்கு 20, கொல்லிமலைக்கு 70. ஊட்டியில் இருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36. சரிவு அங்கே மிக அதிகம். 2018-ம் ஆண்டு அக்டோபரில் கல்லட்டியில் சென்னையை சேர்ந்தவர்கள் வந்த கார் பள்ளத்தில் விழுந்து 5 பேர் இறந்தது பலருக்கும் நினைவு இருக்கும். அதன் பிறகுதான் வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்க கட்டுப்பாடு வந்தது.

மலையில் கீழே வரும்போது 2-வது கியரில் வாருங்கள் என்று போலீசார் சொல்வது ஆட்டோமேட்டிக் காருக்கும் சேர்த்துத்தான். "இதுல ஏதுங்க 2-வது கியர்?" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. லீவரில் 'எல்', '2' அல்லது 'எஸ்' இருக்கும். இல்லை என்றால் 'எம்' பக்கம் தள்ளி மைனஸ் குறியில் தட்டினால் கியர் ஒவ்வொன்றாக குறையும். சும்மா 'டி'-யில் விட்டால் பல கார்கள் மேல் கியருக்கு போய் விடும். இன்ஜின் பிடிக்காது. முழு பாரமும் பிரேக்குக்கு வரும்.

பிரேக் சூடானால் கருகிய வாசனை வரும். அதையும் தாண்டினால் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பிடிப்பு இருக்காது. வாசனை வந்த உடனே அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆற விட வேண்டும். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கியரை குறைப்பதற்கு முன் பிரேக் பிடித்து வேகத்தை குறைத்துக் கொள்ள வேண்டும். வேகம் அதிகமாக இருந்தால் கியர் பாக்ஸ் கீழ் கியரை ஏற்காது. கியர் குறைந்ததும் இன்ஜின் சத்தம் கூடும். அது பிடிக்கும் சத்தம். பயந்து 'டி'-க்கு போய் விடக் கூடாது.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மிச்சமும் கிடையாது. கால் எடுத்து கியரில் இறங்கும்போது இப்போதைய கார்களில் இன்ஜினுக்கு பெட்ரோல் போவதே நின்று விடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓட பெட்ரோல் செலவாகும். இன்ஜினையே ஆப் செய்து உருட்டினால் பவர் ஸ்டியரிங் இறுகும், பிரேக் கட்டை மாதிரி ஆகி விடும்.

ஏற்றத்தில் டிராபிக் நிற்கும்போது ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை பிடித்து வைப்பது கிளட்ச் கார் பழக்கம். ஏ.எம்.டி. காரில் இப்படி செய்தால் உள்ளே இருக்கும் கிளட்ச் கருகும். ஹேண்ட் பிரேக் போட்டு நிற்க வேண்டும். கிளம்பும்போது ஆக்சிலேட்டரை மிதித்து வண்டி இழுக்கத் தொடங்கியதும் ஹேண்ட் பிரேக்கை விட்டால் பின்னால் உருளாது.

வழியில் நின்று விட்டால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்யும் கதை இதில் நடக்காது. பேட்டரி போனால் வேறு பேட்டரியில் இருந்து ஒயர் கொடுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கயிறு கட்டி இழுத்துச் சென்றால் இன்ஜின் ஓடாததால் கியர் பாக்சுக்குள் ஆயில் சுற்றாது. உள்ளே எல்லாம் தேய்ந்து விடும். கார் முழுவதையும் தூக்கி மேலே வைத்து செல்லும் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். வாடகை கூடுதல்தான். கியர் பாக்ஸ் அதை விட பல மடங்கு கூடுதல் என்பதை கார் ஓனரிடம் ஆக்டிங் டிரைவர் முதலிலேயே சொல்லி விடுவது நல்லது.