உஷார்! தனுஷ்கோடியில் கேமராவோடு இறங்கும் முன் இதைப் படிங்க

அரிச்சல்முனையில் வண்டியை நிறுத்தியதும் பறவைக் கூட்டத்தை நோக்கி ஓடப்போறீங்களா? நில்லுங்க! அந்த ஓட்டம் ஒரு பறவையின் ஊர்திரும்பலையே கெடுத்துவிடும்.

2017-ல் முனை வரை தார்ச்சாலை வந்தது. லீவு விட்டால் போதும், கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. அதே கரையில்தான் சைபீரியாவிலிருந்து வரும் வளைமூக்கு உள்ளானும், அபூர்வமான நண்டுதின்னியும் வயிறு வளர்க்கின்றன.

போன சீசனில் ஒரு தம்பி கண்ணில் நண்டுதின்னிக் கூட்டம் பட்டது. கறுப்பு வெள்ளை உடம்பு, தடித்த கறுப்பு அலகு, சாம்பல் நிற நெட்டைக்கால். சந்தோஷம் தாங்காமல் லொகேஷனை வாட்ஸ்அப் குரூப்புகளில் தட்டிவிட்டார். மறுநாள் விடிந்ததும் பைக்குகள், கூச்சல், தலைக்கு மேல் ட்ரோன். பருந்து என்று பதறிக் கூட்டம் கிளம்பியது. உட்கார வந்தது, மறுபடி கிளப்பினார்கள். மதியத்துக்குள் திட்டு காலி.

"பறந்தால் வேறிடத்தில் உட்காரும்" என்று அலட்சியமா இருக்காதீங்க. தண்ணீர் வற்றினால்தான் சேற்றில் இரை கிடைக்கும். அப்போது விரட்டுவது, பந்தியில் உட்கார்ந்தவரை இலையோடு எழுப்புவது மாதிரி. வளைமூக்கு உள்ளான் மார்ச், ஏப்ரலில் உடம்பில் கொழுப்பு ஏற்றினால்தான் ஆர்க்டிக் வரை பறக்க முடியும். ஏறாவிட்டால் பாதி வழியில் விழும். நம்ம பிள்ளைகளின் பரீட்சை லீவும் ஏப்ரலில்தான் தொடங்குகிறது! வளைமூக்கு உள்ளானை 2024 அக்டோபரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் 'அழிவாய்ப்பு இனம்' என்று அறிவித்துவிட்டது. விளையாட்டில்லை இது.

இந்த அறிகுறி தெரிந்தால் அப்படியே நில்லுங்க:

1. மேய்ந்த பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறது.
2. ஒற்றைக்காலில் தூங்கியது மறுகாலையும் ஊன்றுகிறது.
3. கூட்டமே ஒரே பக்கமாக நடந்து விலகுகிறது. அடுத்து பறக்கும். பின்வாங்குங்க!
4. சின்ன உப்புக்கொத்தி ஒன்று சிறகொடிந்ததுபோல் மணலில் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. நடிப்பு அது! பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. முட்டை மணல் நிறத்திலேயே இருக்கும். மிதித்த பிறகுதான் தெரியும். காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்புங்க.

உங்களுக்கும் ஆபத்து உண்டு. 2025 ஜூனில் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். சேற்றில் இறங்கினால் முழங்கால் வரை புதையும். போட்டோ ஆசையில் பறவை பின்னாலேயே கடலுக்குள் போயிடாதீங்க; நீரோட்டம் இழுத்துவிடும்.

பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க. தூரத்திலேயே உட்காருங்க. ட்ரோன் வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் கையைப் பிடிச்சுக்கோங்க. மிச்சச் சோற்றைக் கரையில் கொட்டாதீங்க. நாயும் காக்காயும் சேரும், முட்டையும் குஞ்சும் தப்பாது. அபூர்வப் பறவையைப் பார்த்தால் தேதியும் எண்ணிக்கையும் குறிச்சுக்கோங்க. இடத்தை மட்டும், அது ஊர் திரும்பும் வரை, யாருக்கும் சொல்லாதீங்க!