கற்கண்டும் கடிதமும்

இங்கிலீஷ் கடிதம் ஒன்றைப் படித்துவிட்டுத் தெரு முழுவதும் கற்கண்டு வழங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் அடுத்த வீட்டுக்காரர்தான். பெயர் வேண்டாம், மனிதர் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படிப்பவர்.

அவருடைய பெண் பி.ஏ. தேறிவிட்டு ஓர் ஆபீஸில் பேட்டிக்குப் போய் வந்திருந்தாள். பதினைந்து நாள் தபால்காரருக்காக வழிமேல் விழி வைத்துக் காத்திருந்த பிறகு கடிதம் வந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பெண் வீட்டில் இல்லை. தகப்பனாருக்குப் பொறுக்குமா? உறையைக் கிழித்தார். 'மச் ஆஸ் வீ வுட் லைக் டு அப்பாயின்ட் யூ' என்று ஆரம்பித்திருந்தது. 'மச்' அவருக்குத் தெரியும், 'லைக்' தெரியும், 'அப்பாயின்ட்' தெரியாத தகப்பனார் உண்டா? 'உன்னை நியமிக்க ரொம்பவும் விரும்புகிறோம்' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார். அந்த இடத்தில் ஒரு காற்புள்ளி இருந்ததையோ, வாக்கியம் அடுத்த வரிக்குப் போனதையோ அவர் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். என் வீட்டுக்கும் ஒரு கை கற்கண்டு வந்தது.

சாயங்காலம் பெண் வந்து கடிதத்தை முழுவதும் படித்தாள். 'உன்னை நியமிக்க எங்களுக்கு எவ்வளவோ விருப்பம் இருந்தபோதிலும், தற்சமயம் இடம் காலி இல்லை.' இதுதான் விஷயம். அவள் ஒன்றும் பேசவில்லை. மிச்சமிருந்த கற்கண்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டாள்.

நேயர்களே, அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர் தமிழ் படிக்கிற மாதிரி இங்கிலீஷைப் படித்துவிட்டார், அவ்வளவுதான். 'விரும்பினாலும்' என்று நாம் சொல்லும்போது அந்த 'ஆலும்' எங்கே இருக்கிறது? வாலில். விருப்பத்தை முழுக்கச் சொல்லிவிட்டு, கடைசியில்தான் 'ஆலும்' என்று அதன் காலை வாரிவிடுகிறோம். இங்கிலீஷ்காரர் அப்படிச் செய்வதில்லை. எச்சரிக்கைப் பலகையை வாசலிலேயே மாட்டிவிடுகிறார். நாம் கொல்லைப்புறத்தில் மாட்டுகிறோம். 'தோ', 'ஆல்தோ', 'ஈவன் இஃப்' ஆகியவை வாக்கியத்தின் தலையில் நின்றால், 'இப்போது நான் சொல்லப் போவதை நம்பி எழுந்துவிடாதே. பின்னால் வேறு சமாசாரம் இருக்கிறது' என்று பொருள். வாசல் பலகையைப் பார்க்காமல் உள்ளே நுழைந்தவர் கற்கண்டு வாங்க வேண்டியதுதான்.

'தோ', 'ஆல்தோ' இரண்டும் பள்ளிக்கூடத்திலேயே பழக்கமாகிவிடுகின்றன. தொந்தரவு கொடுப்பது 'மச் ஆஸ்' போன்ற வேஷக்காரர்கள்தான். பார்ப்பதற்கு 'மச்' என்று சர்க்கரையாக வந்து நிற்கும். இதே ஜாதியைச் சேர்ந்தது 'புவர் ஆஸ் ஹி இஸ்' என்பது. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் தலைகால் புரியாது. 'அவன் ஏழையாக இருந்தாலும்' என்பதுதான் அர்த்தம். 'ஆல்பீயிட்' என்று ஒன்று உண்டு. அதை 'ஆல்பெய்ட்' என்று படிக்கிறவர்கள் நிறைய. 'ஆல்', 'பீ', 'இட்' என்ற மூன்று வார்த்தைகள் ஒட்டிக்கொண்டு உண்டானது அது. 'எல்லாம் அப்படியே இருக்கட்டும்' என்கிற மாதிரி. நம்முடைய 'இருக்கட்டுமே!' இல்லையா?

இன்னொன்று. 'தோ' போட்டு ஆரம்பித்துவிட்டு நடுவில் 'பட்' என்று ஒன்றையும் சொருகுவது நமக்குக் கைவந்த கலை. ஒரு வாசலுக்கு ஒரு பலகை போதும். 'எட்' வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம் என்று பழைய இலக்கணப் புஸ்தகங்கள் சலுகை கொடுத்திருக்கின்றன.

'மே' என்ற சின்ன வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் 'சக்தி இருக்கிறது' என்பதுதான் அதன் பொருள். இன்று அது செய்யாத வேலை இல்லை. 'யூ மே கோ' என்றால் அனுமதி. 'இட் மே ரெயின்' என்றால் சந்தேகம். 'ஹி மே பி ரிச், பட் ஹி இஸ் எ மைஸர்' என்றால் விட்டுக்கொடுப்பது: அவர் பணக்காரராக இருக்கலாம், ஆனால் கஞ்சர். இந்த மூன்றையும் தமிழில் எதனால் சொல்கிறோம் என்று கவனித்தீர்களா? நீ போகலாம், மழை வரலாம், பணக்காரராக இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே 'லாம்'! ஏழு கடலுக்கு அப்பால் பிறந்த பாஷையும் நம் பாஷையும் இந்த இடத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

நாலாவது வேலையில்தான் பாதை பிரிகிறது. 'மே யூ லிவ் லாங்' என்று 'மே'யைத் தூக்கி முன்னால் வைத்தால் அது வாழ்த்து. அங்கே நம் 'லாம்' செல்லாது. மணமக்களிடம் போய், 'நீங்கள் நீடூழி வாழலாம்' என்று சொன்னால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? நமக்கு அதற்கென்றே 'வாழ்க' இருக்கிறது. 'வியங்கோள்' என்று இலக்கணத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். இங்கிலீஷிலும் அப்படி ஒரு தனி உருவம் முன்பு தாராளமாகப் புழங்கியது. தும்மினால் 'காட் பிளெஸ் யூ' என்கிறார்களே, அதில் 'பிளெஸ்ஸஸ்' என்று 'ஸ்' சேர்ப்பதில்லை. கடவுள் ஆசீர்வதிக்கிறார் என்ற செய்தி அல்ல அது; ஆசீர்வதிக்கட்டும் என்ற வேண்டுதல். தினம் சொல்கிற 'குட்பை'கூட 'காட் பி வித் யீ' தேய்ந்து தேய்ந்து உண்டானதுதான். ஃபௌலர் என்ற இலக்கணப் பெரியவர் 1926-ல் வெளியிட்ட அகராதியில், இந்த வினை உருவம் சில இடங்கள் தவிர மற்றெல்லாவற்றிலும் சாகக் கிடக்கிறது என்ற அபிப்பிராயத்தைச் சொல்லியிருக்கிறார். அந்தச் சில இடங்கள் மட்டும் இன்னும் கெட்டியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன.

சரி, அடுத்த வீட்டுக்குத் திரும்புவோம். கற்கண்டு விவகாரத்தில் பட்ட அவமானத்தைத் தீர்த்துக்கொள்ளத் தகப்பனார் அன்று இரவே ஆபீஸுக்குப் பதில் எழுத உட்கார்ந்தார். 'ஐ விஷ் யூ வில் கிவ் மை டாட்டர்...' என்று ஆரம்பித்து என்னிடம் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

'விஷ்' என்பது நடக்காததை எண்ணி விடும் பெருமூச்சு. 'ஹோப்' என்பது நடக்கக்கூடும் என்ற நம்பிக்கை. 'ஐ ஹோப் யூ வில் கம்' என்றால் வருவாய் என்று நம்புகிறேன். 'விஷ்' போட்டால் பின்னால் 'வில்' வராது. 'வுட்' தான் வரும். இன்றைய ஆசையாக இருந்தாலும் வினையை இறந்த காலத்துக்குத் தள்ளிவிடுவார்கள். 'ஐ விஷ் ஐ வேர் ரிச்' என்பவன் முன்னொரு காலத்தில் பணக்காரனாக இருந்தவன் அல்ல. இன்றைக்குக் கையில் காசில்லாதவன்! காலம் தள்ளிப் போகவில்லை. உண்மை தள்ளிப் போகிறது. அதைக் காட்டத்தான் இந்த வேஷம். உண்மையிலேயே நடந்து முடிந்துபோன விஷயமானால் இன்னும் ஒரு படி பின்னால் போய் 'ஹாட்' போடுவார்கள். 'ஐ விஷ் ஷி ஹாட் ஸ்டேய்ட்' என்றால், 'அவள் இருந்திருக்கக் கூடாதா!' நம் வீட்டுப் பாட்டிமார்கள் பெருமூச்சு விடும் அந்தக் 'கூடாதா'தான் இதற்குச் சரியான தமிழ். கேள்வியைப் போல் இருக்கும்; பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

'வுட்' பற்றி ஒரு சேதி. 'வில்' என்பதற்கு ஆதியில் 'விரும்பு' என்றே பொருள். அதனால்தான் 'ஐ விஷ் யூ வுட் லிஸன்' என்று பிறத்தியார் மனசைப் பற்றிச் சொல்லலாம். அவர் மனம் வைக்க மாட்டேனென்கிறார் என்ற குறை அதற்குள் இருக்கிறது. தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'வுட்' பொருந்தாது, 'குட்' போட வேண்டும். தன் மனசு தன்னிடம்தானே இருக்கிறது? இல்லாதது சக்திதான். ஆகவே தகப்பனார் எழுதியதில் 'வில்'லை 'வுட்' ஆக்கினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் 'நீங்கள் கொடுக்க மனம் வைக்கவில்லையே' என்று மேலதிகாரியைக் கடிந்துகொள்வது போல் ஆகிவிடும். வேலை கேட்கிற கடிதத்தில் அது உதவுமா?

நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கும்போது பெண் வந்தாள். தகப்பனார் எழுதியதை வாங்கிப் பார்த்தாள். ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு மேலே 'ஹோப்' என்று எழுதினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அந்தக் காகிதத்தையே மடித்து வைத்துவிட்டுத் தன் கையெழுத்தில், தன் பெயரிலேயே வேறு கடிதம் எழுதினாள். 'இடம் காலியாகும்போது என்னை நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.' மூன்றே வரி.

ஐந்தாம் மாதம் அதே ஆபீஸிலிருந்து மறுபடியும் ஓர் உறை வந்தது. அன்றும் பெண் வீட்டில் இல்லை. இந்தத் தடவை தகப்பனார் கடைசி வரியில் ஆரம்பித்து மேல்நோக்கிப் படித்துக்கொண்டு போனார். முதல் வார்த்தையில் 'மச்' இல்லை, 'தோ' இல்லை. ஆனாலும் அவர் செருப்பை மாட்டிக்கொள்ளவில்லை. கடிதத்தை மேஜைமேல் வைத்து அதன்மேல் மூக்குக் கண்ணாடியையும் வைத்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பெண் வந்து, படித்து, தலையை ஆட்டிய பிறகுதான் கடைக்குக் கிளம்பினார்.