மணித்தக்காளி: களையும் கறியும்

களை என்பது தாவரவியல் வகுத்த இனமன்று. குறித்ததொரு நிலத்திற் குறித்ததொரு பயிரை விளைவிப்போர், தமக்கு வேண்டாதவற்றுக்கு இட்ட பெயரே அது. இதனை விளக்குதற்கு மணித்தக்காளி தக்க சான்றாகும். மணத்தக்காளி, மிளகுதக்காளி என்பனவும் இதன் பெயர்களே. சிங்கள மக்கள் இதனைக் கலுகன்வேரிய என்பர்.

தம்பலகாமம் கந்தளாய்க் குளத்து நீரினால் விளையும் வயற்பிரதேசம். நீர் தேங்கிய வயலினுள் இச்செடி நிலைப்பதில்லை. உரமும் ஈரமும் உள்ள, கிளறப்பட்ட மண்ணையே நாடும். ஆதலின் வரம்போரம், கிணற்றடி, எருக்குவியல், மரக்கறித் தோட்டம் ஆகியனவே இதனைத் தேடற்குரிய இடங்கள். மனித உழைப்பினாற் பண்பட்ட நிலத்தைப் பின்தொடரும் செடி இது.

இனங்காணல் கடினமன்று. உயரம் பெரும்பாலும் ஒரு மீற்றருக்குட்படும். தண்டில் முள் இல்லை; கண்டங்கத்தரி, தூதுவளை ஆகியவற்றினின்று இதனைப் பிரித்தறிய இது உதவும். ஐந்து வெண்ணிற இதழ்களின் நடுவே மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பிநிற்கும். மிளகளவான காய்கள் கொத்தாகத் தொங்கிப் பச்சையினின்று கருமைக்கு மாறும். 1753 இல் லின்னேயசு இட்ட சொலானம் நைக்ரம் என்னும் பெயராற் சுட்டப்பட்டவற்றை இன்று பல இனங்களாகப் பிரிப்பர். பளபளக்கும் கருங்கனியுடையது சொலானம் அமெரிக்கானம். செம்மஞ்சட் கனியுடையது சொலானம் வில்லோசம்.

ஆங்கிலப் பெயரொற்றுமையால் இதனை ஐரோப்பிய நஞ்சுச்செடியான பெல்லடோனாவுடன் மயங்குவோர் உளர். பெல்லடோனாவின் பூ ஊதா கலந்த மணிவடிவினது. கனியோ கொத்தாகாது தனித்துக் காய்ப்பது. எனினும் எச்சரிக்கை வேண்டும். மணித்தக்காளியின் பச்சைக்காயிற் சொலனின் முதலிய நச்சுப்பொருள்கள் உள. கீரையை நன்கு வேகவைத்தும், கனியை முற்றப் பழுத்த பின்னருமே உண்ணல் தகும்.

இவ்வறிவைப் பேணிவந்தோர் யாவர்? களை பிடுங்கும் பெண்களே. பிடுங்கியதில் எது கறிக்காகும், எது ஆகாது எனத் தெரிந்து மடியிற் கட்டியவர்கள் அவர்கள். களைநாசினி அத்தெரிவுக்கு இடமளிப்பதில்லை. கீரையும் கோரையும் அதன்முன் ஒன்றே. கூலி குறைகின்றது என்பது நிலவுடைமையாளரின் கணக்கு. கூலியோடு கறியும் போயிற்று என்பது உழைப்பவளின் கணக்கு. முன்னையது மட்டுமே பொருளாதாரமாக எழுதப்படுகின்றது.

எனவே செடியின் பெயரையும் இயல்பையும் பதிவுசெய்யும் நாம், அவற்றை அறிந்தோரின் உழைப்பையும் உடன் பதிவுசெய்தல் வேண்டும். தமிழ், சிங்களம் ஆகிய இருமொழிப் பெண்களிடமிருந்தும் அப்பணி தொடங்குதல் பொருந்தும்.