குழந்தையின் நெற்றி உப்புக் கரிக்கிறதா?

தாய்மார்களே! உங்கள் குழந்தை வயிறார உண்கிறது. எனினும் எடை ஏறவில்லை. இருமலும் சளியும் மாதக்கணக்கில் விடுவதில்லை. மலம் எண்ணெய்ப் பசையுடன், கடும் நாற்றத்துடன் கழிகிறது. முத்தமிட்டால் நெற்றி உப்புக் கரிக்கிறது. இவை சேர்ந்து காணப்பட்டால், சவலை என்றும் மாந்தம் என்றும் எண்ணி வாளாவிருந்துவிடாதீர்கள். ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ என்னும் பிறவி நோயாக இருக்கக்கூடும். இது நம் நாட்டில் அரிதெனக் கருதப்படுவதால், காசநோய் என்றோ ஆஸ்துமா என்றோ எண்ணிக் காலம் வீணாவதுண்டு.

உடலில் உப்பும் நீரும் செல்லும் வழியை ஒழுங்குபடுத்தும் மரபணு பழுதுபடுவதே இந்நோயின் காரணம். அம்மரபணு 1989-இல் கண்டறியப்பட்டது. நுரையீரலில் சளி பிசின்போல் இறுகிக் கிருமிகளுக்கு இடமளிக்கிறது. கணையக் குழாய்கள் அடைபடுவதால் செரிமான நீர் குடலை அடைவதில்லை. உண்ட கொழுப்பு உடலில் சேராமல் வெளியேறுகிறது.

மலத்தில் எண்ணெய் கண்டதும் நெய்யையும் பாலையும் நிறுத்திவிடுவது பல வீடுகளில் வழக்கம். இந்நோயில் அதுவே பெருந்தவறு. மேலைநாட்டு மருத்துவர் பலரும் ஒரு காலத்தில் கொழுப்பைக் குறைத்தவர்களே. டொரண்டோ, பாஸ்டன் நகரங்களின் நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1988-இல் வெளியாயிற்று. கொழுப்புணவை நொதி மருந்துடன் தாராளமாக அளித்த டொரண்டோவில் நோயாளிகள் உயரமாக வளர்ந்தனர். கூடுதல் ஆண்டுகள் வாழ்ந்தனர். நான்கு வயதில் எடை நன்றாயிருந்த பிள்ளைகளின் நுரையீரல் பதினெட்டு வயதிலும் மேலாக இருந்ததைப் பிந்தைய ஆய்வு காட்டியது. உடல் தேறினால் நுரையீரலும் தாக்குப் பிடிக்கும்.

ஆகவே நெய், முட்டை, இறைச்சி, தயிர் ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுங்கள். திண்டிவனம் பக்கம் விளையும் மல்லாட்டையைச் சிறு குழந்தைக்கு அரைத்தே கொடுங்கள். மருத்துவர் தரும் நொதி மருந்தை ஒவ்வொரு வேளை உணவுடனும் தவறாது கொடுக்க வேண்டும். சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சியும் அன்றாடக் கடமையே.

உப்பை மறவாதீர்கள். 1948-இல் நியூயார்க் நகரின் கடும் வெயிலில் இந்நோயுற்ற குழந்தைகள் சோர்ந்து விழுந்தனர். வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறுவதே காரணம் என்பதை டாக்டர் டி சான்ட் ஆக்னீஸ் குழுவினர் 1953-இல் உலகுக்கு அறிவித்தனர். விழுப்புரத்துச் சித்திரை வெயிலுக்குச் சொல்லவும் வேண்டுமோ? மருத்துவர் சொல்லும் அளவில் உப்பும் நீரும் கூட்டிக் கொடுங்கள். வளர்ந்த பிள்ளை ரமலான் நோன்புக்கு ஆசைப்பட்டால், நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை அன்புடன் எடுத்துரையுங்கள்.

இந்நோயை உறுதிசெய்ய, வலியற்ற வியர்வைச் சோதனை உள்ளது. வியர்வையில் குளோரைடு 60 அலகும் அதற்கு மேலும் இருப்பது நோயின் அடையாளம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். இந்நோய்க்குச் சிகிச்சையளிப்பதில் பெயர்பெற்றது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாக ரயில் உண்டு.

இறுதியாக ஒன்று. பழுதுற்ற மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் தோன்றும். அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. நெருங்கிய உறவில் மணமுடிக்கையில் அந்நிலை நேரும் வாய்ப்பு மிகுதி. எனவே மருமகளைப் பழிக்காதீர்கள். பழிக்கும் நேரத்தில் பிள்ளையின் தட்டில் இன்னொரு கரண்டி நெய் ஊற்றுங்கள்!