வீட்டுக்காரன் வாசலில், பாகப்பிரிவினை உள்ளே!

பாகப்பிரிவினைக்கு நம் ஊரில் ஒரு முறை உண்டு. வீட்டுக்குரியவன் இருப்பான், பங்காளி இருப்பான், ஊர்ப் பெரியவர் நால்வர் நடுவில் இருப்பர். வாய்ச்சண்டை வரும், வழக்குமன்றம் வரை போனாலும் போகும். ஆனால் வீட்டுக்காரனை வாசலில் நிறுத்திவிட்டு, கதவைத் தாளிட்டுக்கொண்டு, அயலூரார் நால்வர் அவன் வீட்டுக்கு அளவுக்கயிறு பிடித்த கதையை எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

ஐரோப்பா சொல்லிற்று அந்தக் கதையை!

1938 செப்டம்பர் 29. ஜெர்மனியின் மியூனிக் நகரம். மண்டபத்திலே ஹிட்லர், முசோலினி, பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின், பிரெஞ்சுப் பிரதமர் தலாதியே. பங்கு போடப்பட்ட வீடு செக்கோஸ்லோவேகியா. அந்நாட்டின் தூதுவர்கள் மாஸ்தனி, மசாரிக் இருவரும் எங்கே? ஓட்டல் அறையிலே, காவலர் கண்காணிப்பிலே காத்துக் கிடந்தனர். நள்ளிரவு கடந்தபின் அழைத்தனர், வரைபடத்தைக் கையிலே கொடுத்தனர், முடிந்துவிட்டது என்றனர். அந்த நேரத்தில் சேம்பர்லின் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார் என்று மசாரிக் தம் அறிக்கையிலே எழுதிவைத்தார். ஒரு நாடு துண்டாடப்படுகிறது. துண்டாடியவருக்குத் தூக்கம் வருகிறது!

மறுநாள் லண்டன் விமான நிலையத்தில் அவர் ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டினார். நம் காலத்துக்குச் சமாதானம் கிடைத்துவிட்டது என்றார். மக்கள் ஆரவாரித்தனர். அந்த மக்களை நாம் ஏளனம் செய்யமாட்டோம். முதல் உலகப்போரில் பிரான்சு மட்டும் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரரைப் பறிகொடுத்தது. மகனைப் போருக்கு அனுப்பி மடல் ஒன்றை மட்டுமே திரும்பப் பெற்ற தாய், இன்னொரு மகனையும் அனுப்ப அஞ்சியது குற்றமா? சமாதானத்தை விரும்பியது குற்றமன்று. அதற்கு விலையாக அடுத்தவன் நிலத்தை எடுத்துக் கொடுத்ததே குற்றம்!

‘தாஜா’ கொள்கை அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1931-இல் மஞ்சூரியாவை ஜப்பான் விழுங்கிற்று. 1935-இல் அபிசீனியாவின்மீது இத்தாலி பாய்ந்தது. 1936-இல் ரைன்லாந்தில் ஹிட்லரின் படை நுழைந்தது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா மறைந்தது. ஒவ்வொரு முறையும், இந்த ஒரு கவளத்தோடு பசி தீரும் என்றனர் லண்டனும் பாரிசும். புலிக்கு ஆட்டைப் போட்டால் பசி தீருமா, ருசி ஏறுமா?

ஹிட்லர் கையிலெடுத்த ஆயுதம் தேசியம். செக் நாட்டின் எல்லைப்புறமான சுடேட்டன் பகுதியிலே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் மொழியினர் வாழ்ந்தனர். அவர்களுக்குக் குறையே இல்லையென்று நாம் கூறவில்லை. 1919 மார்ச் 4-ஆம் நாள் கிளர்ச்சி செய்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1920-இல் அரசியல் சட்டம் இயற்றிய மன்றத்திலே அவர்களுக்கு ஒரே ஓர் இடம்கூட இல்லை. பின்னர் பள்ளிகள் கிடைத்தன. 1926 முதல் அமைச்சர் பதவியும் கிடைத்தது. ஆனால் பொருளாதார மந்தம் வந்தபோது அவர்கள் வாழ்ந்த தொழில் நகரங்களே அதிகம் அடிபட்டன. பழைய புண்ணிலே பசியும் சேர்ந்தது. 1935 தேர்தலில் ஹென்லைன் என்பவரின் கட்சிக்கு அவர்களிற் பெரும்பாலோர் வாக்களித்தனர்.

1938 மார்ச்சில் ஹென்லைன் ஹிட்லரைச் சந்தித்தார். அவருக்குக் கிடைத்த கட்டளை என்ன தெரியுமா? செக் அரசு எதைக் கொடுத்தாலும் போதாது என்று சொல்லும்படியாகக் கோரிக்கையை உயர்த்திக்கொண்டே போ என்பதுதான்! செப்டம்பரில் அதிபர் பெனேஷ் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொடுக்க முன்வந்தார். காலம் கடந்துவிட்டது. 1920-இல் கொடுத்திருந்தால் அது நீதியாக இருந்திருக்கும். 1938-இல் கொடுத்தபோது பலவீனமாகத் தெரிந்தது. உள்ளூர்க் குறையை உரிய காலத்தில் தீர்க்காத அரசு, அந்தக் குறையை எதிரியின் கையிலே ஆயுதமாகக் கொடுத்துவிடுகிறது.

அண்டை வீட்டுக்காரர் செய்ததென்ன? செக் நாட்டைக் காப்போம் என்று 1925-இல் கையெழுத்திட்ட நாடு பிரான்சு. அந்தப் பிரான்சின் தூதரும் பிரிட்டிஷ் தூதரும் செப்டம்பர் 21 அதிகாலை இரண்டு மணிக்கு பெனேஷிடம் சென்று, பணிந்துவிடு, இல்லையேல் தனித்து நில் என்றனர். காவலுக்கு வந்தவனே கதவைத் திறந்துவிட்டான்!

எல்லைப்புறம் போயிற்று, அங்கே கட்டிய கோட்டைகளும் போயின. கோழிக்குஞ்சு சிக்கியதும் காக்கைகளும் வந்தன. போலந்து ஒரு துண்டும் ஹங்கேரி ஒரு துண்டும் கொத்திக்கொண்டன. 1939 மார்ச் 15 அன்று பிராகு நகரத்திலே ஹிட்லர். ஐரோப்பாவில் இதுவே கடைசிக் கோரிக்கை என்று அவர் முழங்கி ஆறு மாதம்கூட நிறையவில்லை! ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலை அவர் கைக்குப் போயிற்று. செப்டம்பரில் போலந்து, உலகப்போர். எந்தப் போரைத் தவிர்க்க ஒரு நாட்டை விற்றார்களோ, அந்தப் போர் வாங்கியவனின் பலத்தைப் பெருக்கிக்கொண்டு வந்தது.

1939 செப்டம்பர் 3 அன்று, சுதந்திரத்தைக் காக்கவே போர் என்று பிரிட்டன் அறிவித்தது. அதே நாளில், இந்தியத் தலைவர் ஒருவரையும் கேளாமல், இந்தியாவும் போரில் இருக்கிறது என்று வைசிராய் லின்லித்கோ அறிவித்தார்! சென்னையில் ஆச்சாரியார் அமைச்சரவை உட்பட காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகின. கேளாமல் முடிவெடுத்தது அநீதி என்றனர். உண்மைதான். ஆனால் அதே ஆச்சாரியார்தாம் 1938-இல் தமிழ்ப் பிள்ளைகளின்மீது இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்தவர்களைச் சிறைக்கு அனுப்பியவர். கேளாமல் திணிப்பதன் வலி, தம்மீது திணிக்கப்படும்போதுதான் சிலருக்குப் புரிகிறது!

போர் முடிந்தபின் செக் நாட்டிலிருந்து ஏறத்தாழ 30 லட்சம் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். நாஜிக்கு உடந்தையானவரும் போனார். பால்மணம் மாறாத குழந்தையும் போயிற்று. இவர்களையும் யாரும் கேட்கவில்லை.

மியூனிக்கின் பாடத்தைத் தலைகீழாகப் படித்தவர்களும் உண்டு. சேம்பர்லினோடு மாறுபட்டு 1938-இல் வெளியுறவு அமைச்சர் பதவியைத் துறந்தவர் ஈடன். அவரே பிரதமராகி, 1956-இல் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கிய நாசரைச் சர்வாதிகாரிகளோடு ஒப்பிட்டு எகிப்தின்மீது படையெடுத்தார். தன் நாட்டுக் கால்வாயைத் தனதென்று சொன்னவன் ஹிட்லராம்! அன்றிலிருந்து, பேசித் தீர்ப்போம் என்று யார் சொன்னாலும் ‘மியூனிக்’ என்று கூவி வாயடைப்பது வல்லரசுகளின் வாடிக்கையாயிற்று.

பேசியதனால் வந்த கேடன்று மியூனிக். பேசவேண்டியவனை வெளியே வைத்துப் பேசியதனால் வந்த கேடு. ஆகவே எங்கேனும் வல்லரசுகள் கூடிச் சமாதானம் என்று சங்கு ஊதினால், நாம் கையெழுத்துகளை எண்ணமாட்டோம். காகிதத்தைக் கண்டு கைதட்டவும் மாட்டோம். ஒன்றே ஒன்றைக் கேட்போம்.

வீட்டுக்காரன் எங்கே? உள்ளேயா, வாசலிலா?