புற்கூரை வீட்டுக்கு வந்த பணம்

கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரியை ஒட்டி விரிந்து கிடக்கிறது சியாயா மாவட்டம். லுவோ மக்கள் மக்காச்சோளம் விதைத்தும் ஆடு மாடு கோழி வளர்த்தும் வாழும் நிலம் அது. கிவ்டைரக்ட்லி என்னும் அறக்கொடை அமைப்பு அங்கே ஏழைக் குடும்பங்களைத் தேர்ந்தபோது, வருவாய்ச் சான்று கேட்கவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தது. புல் வேய்ந்த வீடாயின் கொடை உண்டு, தகரம் வேய்ந்த வீடாயின் இல்லை. கரடுமுரடான அளவுகோல்தான், ஆயினும் எளிதில் ஏய்க்க முடியாத அளவுகோல்.

புற்கூரை மலிவு என்று நினைப்பவர் அதன்கீழ் குடியிருந்தறியாதவர். மழைக்கு ஒழுகும், நாள்பட நைந்து உதிரும். மாற்றும் போதெல்லாம் புல்லுக்கு ஒரு செலவு, வேய்பவர்க்கு ஒரு கூலி. தகரமோ ஒருமுறை போட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் தகரமே ஆதாயம் என்பது அவ்வீட்டாருக்குத் தெரியாததன்று. ஒரே வேளையில் அத்தனை பணம் அவர்கள் கையில் சேர்ந்ததில்லை, அவ்வளவே. சில்லறையாக வரும் வருவாய் சில்லறையாகவே செலவழிகிறது. அதனால் ஏழை எடுக்க நேர்வது பெரும்பாலும் விலைமிகுந்த வழியையே. பணக்கொடை பற்றிய விவாதங்களில் ‘எவ்வளவு’ என்னும் வினாவே ஓங்கி ஒலிக்கிறது. ‘எப்போது’, ‘எத்தனை தவணையில்’ என்னும் வினாக்களுக்கும் அதே எடை உண்டு என்பதே சியாயாவின் ஆய்வுகளைப் படிக்கையில் எனக்குத் தோன்றுகிறது.

2011 முதல் 2013 வரை சியாயாவின் இராரியேடா பகுதியில் இக்கொடையைப் பற்றி நடந்த முதல் பேராய்வைப் பொருளியலாளர்கள் அவுசோபரும் சபீரோவும் வடிவமைத்தனர். கொடை பெறுவோர் யார், பெறாதோர் யார் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. இரு திறத்தாரும் தொடக்கத்தில் ஒத்த நிலையினர் ஆதலால், பின்னர் அவர்களிடையே தோன்றும் வேறுபாட்டைப் பணத்தின் விளைவாகவே கொள்ளலாம். நிபந்தனை ஒன்றும் இல்லை. திருப்பித் தரவும் வேண்டியதில்லை. தொகை எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணச்சேவை வழியாக வந்தது. ஊர்க்கடை முகவரிடம் காட்டித் தாளாக மாற்றிக்கொள்ளலாம்.

‘கையில் காசைக் கொடுத்தால் குடித்தே தீர்ப்பார்கள்’ என்னும் பேச்சு எல்லா நாட்டிலும் உண்டு. இங்கே சாராயச் செலவும் புகையிலைச் செலவும் கூடவில்லை. உணவு மிகுந்தது, தகரக் கூரைகள் ஏறின, ஆடு மாடுகள் பெருகின, சிறு வணிகத்திலும் உழவிலும் வரவு உயர்ந்தது. உமிழ்நீரில் கார்டிசால் என்னும் உளைச்சல் இயக்குநீரையும் அளந்தார்கள். எல்லாரையும் ஒருசேரக் கணக்கிட்டால் அதில் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் மாதந்தோறும் பிரித்துப் பெற்றவர்களைவிட, மொத்தமாகப் பெற்றவர்களிடம் அதன் அளவு தாழ்ந்திருந்தது. மாதத் தவணை அடுப்பங்கரைக்கு உதவியது. மொத்தத் தொகை நிலைத்த உடைமையாயிற்று.

பின்னர்த் தொடங்கிய மற்றோர் ஆய்வு இதனை இன்னும் தெளிவாக்கிற்று. அபிசித் பானர்சி உள்ளிட்டோர் நடத்தும் அவ்வாய்வில் சில ஊர்களுக்கு 12 ஆண்டுகள் மாதந்தோறும் பணம். சில ஊர்களுக்கு ஈராண்டு மட்டும். வேறு சிலவற்றுக்கு ஏறத்தாழ 500 டாலர் ஒரே மொத்தமாக. புதிய தொழில் தொடங்குவதில் ஈராண்டுத் தவணைக்காரர் பின்தங்கினர். மொத்தமாகப் பெற்றவர் முந்தினர். 12 ஆண்டுத் தவணைக்காரரும் முந்தினர் என்பதுதான் வியப்பு. அவர்களில் பலர் நம்மூர்ச் சீட்டுப் போன்ற சுழல் சேமிப்புக் குழுக்களில் பணத்தைப் போட்டு, தம் முறை வந்தபோது பெருந்தொகையாக எடுத்துக்கொண்டார்கள். நெடுநாள் வரும் என்ற உறுதி இருந்ததால் துணிந்து சீட்டுப் பிடித்தார்கள்; அறிஞர்கள் பிரித்துக் கொடுத்ததை மக்கள் தாமே சேர்த்துக்கொண்டார்கள்.

பணம் புகுந்தால் விலைவாசி ஏறிக் கொடையையே விழுங்கிவிடாதா? இதனைச் சோதித்தவர்கள் எட்வர்டு மிகெலும் அவர்தம் கூட்டாளிகளும். சியாயாவின் 653 ஊர்களில் குலுக்கல் நடத்தி, 10,500-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா 1,000 டாலர் தரப்பட்டது. அவ்வட்டாரத்தின் பொருளாக்கத்தில் ஏறக்குறைய 15 விழுக்காட்டுக்கு நிகரான பணம் வந்திறங்கியும், விலையேற்றம் சராசரியாக 0.1 விழுக்காடே. கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் ஊர்ப் பொருளியலில் ஏறத்தாழ இரண்டரை டாலர் பெருகிற்று. மாவரைக்கும் ஆலையும் மளிகைக் கடையும் முன்னரே அங்கிருந்தன. பல வேளை ஆள் வரவின்றிக் கிடந்தன. வேலை மிகுந்தபோது புதிய முதலீடின்றியே அவற்றால் ஈடுகொடுக்க முடிந்தது. கொடை பெறாத குடும்பங்களின் நுகர்வும் உயர்ந்தது.

ஆனால் அண்டை வீட்டார் உள்ளம் வேறு கணக்குப் போடும். பக்கத்து வீட்டுச் செல்வம் உயர உயரத் தம் வாழ்வில் நிறைவு குறைந்ததாகச் சொன்னோர் முந்தைய இராரியேடா ஆய்வில் உண்டு. அவ்வுணர்வு காலப்போக்கில் தணிந்தது என்றாலும், ஒரே தெருவில் ஒருவர்க்குத் தந்து ஒருவர்க்கு மறுக்கும் திட்டங்கள் இதனை மறப்பது அறமன்று.

2025-இல் வெளிவந்த முடிவுதான் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. அதே 653 ஊர்களில் ஒரு நூறாயிரத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தனர். கொடை பெற்ற குடும்பங்களில் ஓராண்டு நிறைவதற்குள் இறந்த குழந்தைகளின் விகிதம் 48 விழுக்காடு குறைந்திருந்தது; ஐந்து அகவைக்கு உட்பட்டோர் இறப்பு 45 விழுக்காடு. மருத்துவமனையில் நடந்த பேறுகள் 45 விழுக்காடு கூடின. பேற்றுக்கு முன் மூன்று மாதமும் பின் மூன்று மாதமும் தாய்மார் உழைப்பு ஏறத்தாழப் பாதியாயிற்று. நிறைமாதத்தில் வயலில் குனிந்து களை பறிக்காமல் இருக்கவும், வலி கண்ட இரவில் வண்டி பிடிக்கவும் பணம் வேண்டும். அது நாள் குறித்துத் தேவைப்படும் பணம். அறுவடைக்குப் பின் வரும் பணத்தால் அந்த இரவுக்குப் பயனில்லை.

மிகுந்த பயன் இரண்டிடத்தில் தெரிந்தது. ஒன்று, மருத்துவர் பணியிலுள்ள நிலையத்துக்கு அருகில் வாழ்ந்த குடும்பங்கள். மற்றொன்று, குழந்தை பிறந்த காலத்தை ஒட்டிக் கொடை வந்து சேர்ந்த குடும்பங்கள். மருத்துவர் இல்லாத தொலைவில் அதே 1,000 டாலர் அத்தனை உயிரைக் காக்கவில்லை. கொடை நின்ற பின் இறப்பு அளவு பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிற்று. இதனைத் திட்டத்தின் தோல்வி என்பார் உளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தகரக் கூரை அடுத்த மழைக்கும் நிற்கும். பேற்றுச் செலவோ ஒவ்வொரு பேற்றுக்கும் புதிதாக வருவது. கருவுற்ற பெண்ணின் ஏழாம் மாதத்தில் கைப்பேசிக்குத் தொகை போய்ச் சேருமாறு ஒழுங்கு செய்வது இன்று அரிதான வினையன்று. எம்-பெசா அங்கே 2007 முதலே இயங்கி வருகிறது.